வியாகுலப் பிரசங்கமும் புத்தளக் கரையின் நாடக அரங்கும்

ஈழத்துத் தமிழ் நாடக வரலாற்றை ஆராயப் புகுந்தோர் பெரும்பாலும் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மன்னார் ஆகிய மூன்று நிலக்களங்களையே முதன்மைப்படுத்தியுள்ளனர். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்புக் கூத்தைப் பல்கலைக்கழக அரங்குக்குக் கொணர்ந்து கர்ணன் போர், இராவணேசன் முதலியவற்றை மேடையேற்றினார். மன்னார்ப் பகுதிக் கத்தோலிக்க நாடகங்களையும் அவரே பதிப்பித்தார். இம்முயற்சிகளின் பயனாகவே நாட்டுக்கூத்து அறிவுலகின் கவனத்தைப் பெற்றது. எனினும் மன்னாருக்குத் தெற்கே, கற்பிட்டி தொடக்கம் மகா ஓயா வரை நீண்டு கிடக்கும் புத்தளக் கரை, இவ்வரலாற்றில் ஓரிரு வரிகளுக்கு மேல் இடம் பெறுவதில்லை. இக்கரையில் வாழ்ந்து, இருமொழிகளில் எழுதி, இங்கேயே அடக்கம் செய்யப்பட்ட ஒருவரை நாடகாசிரியர் என்ற நோக்கில் மதிப்பிடுவதும், அவர் தொடக்கி வைத்த அரங்கு பின்னர் அடைந்த மாற்றத்தை ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும். அவர் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள். தமிழ்க் கத்தோலிக்கர் அவரைச் சாங்கோபாங்க சுவாமிகள் என்று வழங்குவர்.

யார் நாடகாசிரியர்?

முதற்கண் ஒரு வினாவைத் தெளிவுபடுத்திக் கொள்ளல் வேண்டும். நாடகாசிரியர் என்று நாம் எவரைக் கூறுகிறோம்? உரையாடலாக அமைந்த நூலொன்றை எழுதி அச்சேற்றியவரையே அப்பெயரால் அழைக்கப் பழகியுள்ளோம். அரங்கை அமைத்தோர், நடிகரைப் பழக்கியோர், ஆண்டுதோறும் ஊரைத் திரட்டி ஆட்டத்தை நிகழச் செய்தோர் ஆகியோரை இலக்கிய வரலாறு வெளியே நிறுத்திவிடுகிறது. ஆயின் நமது கூத்து மரபில் இப்பிரிவினை இல்லை. அண்ணாவியார் ஏட்டைத் திருத்துவார், வேண்டுமிடத்துப் புதிய பாட்டுக் கட்டுவார், தாளம் பிடிப்பார், பாத்திரங்களைப் பகிர்ந்தளிப்பார், ஆட்டம் பழக்குவார். எழுதுவோனும் மேடையேற்றுவோனும் அவரிடத்து ஒருவரே.

இது கீழைத்தேயத்துக்கு மட்டும் உரிய நிலையன்று. நவீன நாடகத்தின் தந்தை எனப் போற்றப்படும் நோர்வே நாட்டு ஹென்றிக் இப்சன் (1828-1906) தமது 23ஆம் வயதில், 1851இல், பேர்கன் என்னும் துறைமுக நகரின் புதிய நோர்வேஜிய நாடக அரங்கில் பணிக்கு அமர்ந்தார். ஆறு ஆண்டுகள் அங்கே நடிகரை நெறிப்படுத்தியும் மேடைக் காட்சிகளை ஒழுங்கு செய்தும் தொழில் கற்றார். அரங்கின் ஆண்டு விழாவாகிய ஜனவரி 2ஆம் நாளுக்குப் புதிய நாடகமொன்று எழுதித் தரவேண்டிய கடப்பாடும் அவருக்கிருந்தது. 1857இல் அவர் தலைநகராகிய கிறிஸ்தியானியாவின் அரங்குக்குச் சென்றார். அக்காலத்து நோர்வேயின் மேடைகளில் டேனிஷ் நடிகரும் டேனிஷ் மொழியுமே கோலோச்சின. தன் மொழியில் தனக்கோர் அரங்கு வேண்டும் என்ற கரையோர நகரொன்றின் வேட்கையே இப்சனுக்கு முதல் வேலையைத் தந்தது. 'பொம்மை வீடு' (1879), 'பேய்கள்' (1881) ஆகிய நாடகங்களின் கட்டுக்கோப்பைப் புகழ்வோர், அக்கட்டுக்கோப்பின் வேர் பேர்கன் அரங்கின் பின்புறத்தில் இருந்ததை மறத்தலாகாது. நாடகம் எழுதப்படுவதன்று, செய்யப்படுவது என்பதற்கு அவர் வாழ்க்கை சான்று. இவ்வளவுகோலைக் கொண்டு நோக்கும்போதுதான் கொன்சால்வெஸ் அடிகளின் இடம் தெளிவாகும்.

காலமும் களமும்

கொன்சால்வெஸ் 1676ஆம் ஆண்டு கோவாவைச் சேர்ந்த திவார் என்னும் தீவிலே கொங்கணி பேசும் குடும்பமொன்றிற் பிறந்தார். கோவாவின் ஒரத்தோரியன் சபையிற் சேர்ந்து குருவாகி, 1705இல் இலங்கை வந்தார். அப்பொழுது கரையோரம் ஒல்லாந்தர் வசமிருந்தது. 1658ஆம் ஆண்டிலேயே கத்தோலிக்கக் குருமாருக்கு அடைக்கலம் அளிப்போருக்கு மரண தண்டனை என்ற கட்டளை பிறந்திருந்தது. அதனை மீறி 1687இல் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கியவர் யோசேப் வாஸ் அடிகள். அவரும் புத்தளத்தைத் தமது பணிக்களங்களுள் ஒன்றாகக் கொண்டு, அங்கிருந்தே 1692இல் கண்டி இராச்சியத்துட் புகுந்தவர். 2015ஆம் ஆண்டு கொழும்பில் அவர் புனிதராகப் பிரகடனம் செய்யப்பட்டார். வாஸ் செயல் வீரர். அவர் எழுப்பிய சமூகத்துக்கு மொழியைத் தந்தவர் கொன்சால்வெஸ்.

மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் தமிழையும், கண்டியில் பௌத்த பிக்குகளிடம் சிங்களத்தையும் கற்ற அவர், தமது பிற்காலத்தின் தலைமையிடமாகப் போலவத்தையைத் தெரிந்து கொண்டார். இன்று புத்தளம் மாவட்டத்தின் தென்கோடியில், தங்கொட்டுவைக்கு அருகே அமைந்துள்ள அவ்வூர் அன்று ஒல்லாந்தரின் நீர்கொழும்புக்கு எட்டும் தொலைவில், கண்டி மன்னரின் ஆணைக்குட்பட்ட எல்லைப்புறமாக இருந்தது. மறைந்திருக்கவும் வேண்டும், மக்களை அணுகவும் வேண்டும் என்ற நிலையில் இத்தகைய இடமே பொருந்துவதாயிற்று. 1742ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள் அவர் அங்கேயே காலமாயினார். தாம் விட்டு வந்த கோவாவுக்கு அவர் மீளவில்லை.

இக்களத்தின் இயல்பு நோக்கற்பாலது. தேவாலயங்கள் பறிக்கப்பட்டன. குருமார் ஆண்டுக்கொருமுறை, சில வேளை அதனினும் அரிதாகவே, ஓர் ஊரை அடைந்தனர். அச்சு இயந்திரமோ ஒல்லாந்தரின் கையில் இருந்தது. கொன்சால்வெசின் நூல்கள் கையெழுத்துப் பிரதிகளாகவே பரவின. எழுத்தறிந்தோர் மிகச் சிலர். ஆகவே இந்நிலையில் எழுதப்படும் நூல் படிப்பதற்காக அன்று, ஒருவர் வாசிக்கப் பலர் கேட்பதற்காக எழுதப்படல் வேண்டும். குரு இல்லாத இடத்தில் குருவின் குரலாக அது ஒலித்தல் வேண்டும். அவருடைய உரைநடையின் நாடகத் தன்மை தனியார் ஒருவரின் கலைவிருப்பத்தால் மட்டும் தோன்றியதன்று. ஒடுக்கப்பட்ட ஒரு சமூகத்தின் தேவையே அதனைத் தோற்றுவித்தது.

வியாகுலப் பிரசங்கத்தின் நாடகப் பண்பு

இயேசுவின் பாடுகளை அவர் இரு மொழிகளிலும் எழுதினார். சிங்களத்தில் 1728ஆம் ஆண்டுக்குரிய 'துக்பிராப்தி பிரசங்கய'. ஒன்பது பிரசங்கங்களாக அமைந்தமையால் அது 'தேசனா நவய' எனவும் வழங்கும். தமிழில் 'வியாகுலப் பிரசங்கம்'. தவக்காலத்தில் ஆலயங்களில் இதனை இசை தழுவிய ஓதல் முறையில் வாசிப்பது வழக்கம். தலைமுறை தலைமுறையாக மூத்தோரிடமிருந்து இளையோர் கற்றுக்கொண்ட வாசிப்பு அது.

பெயரளவில் இது பிரசங்கம். ஆயின் மூன்று பண்புகள் இதனை நாடகத்தின் பக்கத்தில் நிறுத்துகின்றன. ஒன்று, கேட்போனை விளித்துக் காட்சியின் நடுவே நிறுத்துதல். நடந்து முடிந்த நிகழ்ச்சியைக் கூறும் வரலாற்றாசிரியனின் தூரம் இங்கில்லை. கேட்போன் அச்சபையில் நிற்பவனாகவே கருதப்படுகிறான். இரண்டு, காட்சிப் பகுப்பு. தோட்டம், விசாரணை மண்டபம், தெரு, மலை என இடம் மாறுந்தோறும் உணர்ச்சியும் மாறுகிறது. ஒவ்வொன்றும் தன்னளவில் தொடக்கமும் முடிவும் உடையது. மூன்று, தாயின் புலம்பல். நூற்பெயரிலுள்ள வியாகுலம் என்ற சொல்லே வியாகுல மாதாவை நினைவூட்டுவது. மகனை இழந்த தாயின் குரல் எழும்போது, கரையோரத்துப் பெண்கள் தம் இழவு வீடுகளில் வைக்கும் ஒப்பாரியின் சாயல் இயல்பாகவே அதிற் படிகிறது. கடலுக்குச் சென்றவன் திரும்பாமற் போதல் அன்றாட அச்சமாக உள்ள ஊர்களில் அக்குரல் பெற்றிருக்கக்கூடிய பொருளை நாம் உய்த்துணரலாம்.

இவருடைய சமகாலத்தவரான வீரமாமுனிவரோடு (1680-1747) இவரை ஒப்பிடுதல் பயனுடைத்து. இருவரும் 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலே, பிறநாட்டிலிருந்து வந்து, தமிழைக் கற்று எழுதியவர்கள். முனிவர் தேம்பாவணியைப் புலவர் அவையை நோக்கி இயற்றினார். காப்பிய இலக்கணம் முழுவதையும் கைக்கொண்டு, தமிழ்ப் புலமையை அதன் களத்திலேயே எதிர்கொண்டார். கொன்சால்வெஸ் எழுதியதோ மீனவக் குடிலுக்கு. வடசொற்கள் மிகுந்த அவருடைய நடை இன்றைய செவிக்குக் கடினமாகத் தோன்றலாம். எனினும் சொற்றொடரின் ஏற்ற இறக்கம் வாயால் ஓதுவதற்கென்றே அமைக்கப்பட்டது என்பதை, மௌனமாகப் படிப்போர் அன்றி, ஓதக் கேட்போரே உணர்வர். தேம்பாவணி இலக்கிய வரலாற்றில் தனக்குரிய இடத்தைப் பெற்றது. வியாகுலப் பிரசங்கம் வழிபாட்டு நூல் என்ற ஒரே தலைப்பின்கீழ் ஒதுக்கப்பட்டது. கேட்போரின் எளிமையைக் கொண்டு நூலின் தரத்தை அளந்தமையே இதற்குக் காரணம் எனலாம்.

உருவமும் குரலும்

ஒரத்தோரியன் குருமார் காலத்திலிருந்து வளர்ந்த வழக்கு, பாடுகளின் நிகழ்ச்சிகளைத் திருச்சொரூபங்களைக் கொண்டு காட்டுவதாகும். மன்னார், யாழ்ப்பாணப் பகுதிகளில் இது உடக்குப் பாஸ் எனப்படும். மன்னார்த் தீவின் பேசாலை இதற்குப் பேர்போனது. ஆளுயரத் திருவுருவங்கள் திரைக்கு மேலே தோன்றும். அவற்றைத் தாங்கி அசைப்போர் கீழே மறைந்து நிற்பர். உருவங்கள் பேசா. ஒரு புறத்தே நின்று பிரசங்கத்தை ஓதுபவரின் குரலே எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல்.

இதனை வளர்ச்சி குன்றிய நாடகம் என எண்ணுதல் பொருந்தாது. உடல் ஓரிடத்தும் குரல் பிறிதோரிடத்துமாகப் பிரிந்து நிற்கும்போது, இரண்டையும் இணைக்கும் பணி பார்ப்போனுக்கு உரியதாகிறது. மரத்தாலான முகத்தில் துயரைக் காண்பவன் அவனே. நமது தோற்பாவைக் கூத்தும் இவ்வடிப்படையிலேயே இயங்குவது. வேடம் தரிப்பவனின் தனித்திறமை இங்கே பெரிதன்று. ஊரே நடிகன், ஓதுபவன் அதன் நா. கொன்சால்வெசை நூலாசிரியர் என்று மட்டுமன்றி அரங்கச் செயலாளர் என்றும் கொள்வதற்குக் காரணம், அவருடைய நூல்களும் இவ்வரங்கும் ஒன்றற்கொன்று உரியனவாக வளர்ந்தமையாகும்.

20ஆம் நூற்றாண்டில் இக்கரையிலேயே அவ்வரங்கு உடைக்கப்பட்டது. வென்னப்புவவுக்கு அண்மையிலுள்ள பொரலெஸ்ஸ என்னும் ஊரில், கே. லோரன்ஸ் பெரேரா 1923ஆம் ஆண்டில் சொரூபங்களை விடுத்து மனிதரையே நடிகராகக் கொண்டு சிங்களத்தில் பாஸ்கு நாடகத்தை மேடையேற்றினார். ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில், 1634ஆம் ஆண்டு முதல் கொள்ளைநோய் நேர்த்திக்கடனாக ஆடப்பட்டு வரும் ஓபரம்மர்கௌ ஊரின் பாடுகளின் நாடகம் அவருக்கு முன்மாதிரியாயிற்று. தாமே நாடகத்தை எழுதித் தாமே தயாரித்தவர் அவர். எழுத்தையும் அரங்கையும் ஒருசேர ஆண்ட மனிதர் ஒருவரைப் புத்தளக் கரை மீண்டும் பெற்றது.

பெண் பாத்திரங்களைப் பெண்களே ஏற்று நடித்தமை 1939இல் திருச்சபை மேலிடத்தின் தடைக்கு உள்ளாயிற்று. மரச்சொரூபமாக மரியாள் மேடையேறலாம், ஊர்ப்பெண்ணாக மரியாள் மேடையேறலாகாது என்பதே அத்தடையின் பொருள். பின்தங்கிய நாட்டின் குறுகிய மனப்பான்மை என இதனை ஒதுக்கிவிட இயலாது. முன்மாதிரியாக இருந்த ஓபரம்மர்கௌவிலேயே, மணமான பெண்களுக்கும் 35 வயதைக் கடந்த பெண்களுக்கும் நடிப்புரிமை நீதிமன்றத் தீர்ப்பின் வழியே 1990இல்தான் கிடைத்தது. அரங்கில் உருவத்தின் இடத்தை உடல் பெறும்போது, அவ்வுடல் யாருடையது என்ற சமூக வினா தவிர்க்க முடியாததாகிறது. இவ்வினாவை அரை நூற்றாண்டுக்கு முன்னரே எழுப்பியது தென்னந்தோப்புகள் சூழ்ந்த ஒரு சிற்றூர் என்பது நம் கவனத்துக்குரியது.

பெரேராவின் மாற்றத்தால் நாடகம் பெற்றது பெரிது. பாத்திரத்துக்கு முகமும் அகமும் வந்தன. இழந்ததும் உண்டு. ஓதுபவர் அரங்கிலிருந்து பின்தள்ளப்பட்டார். நடிகர் பேசத் தொடங்கியதும் பிரசங்கம் உரையாடலாயிற்று. இருநூறு ஆண்டு ஒலித்த அந்தக் குரல் நாடகத்துக்கு இன்றியமையாததாக இருந்த நிலை மாறிற்று.

இம்மரபின் குறைபாடுகளையும் மறைத்தல் தகாது. பாடுகளின் நாடகங்களில் யூத மக்கள் பெரும்பாலும் கொடியோராகவே ஒரே வண்ணத்தில் தீட்டப்பட்டு வந்தனர். 1965ஆம் ஆண்டு இரண்டாம் வத்திக்கான் சங்கம் யூத இனம் முழுவதன் மீதும் பழி சுமத்துவதை மறுத்துரைத்தது. அதன் பின்னர் ஓபரம்மர்கௌ நாடகமும் படிப்படியாகத் திருத்தப்பட்டது. நம் நாட்டு ஏடுகளைப் பதிப்பிப்போரும் ஆடுவோரும் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். இன்னொன்று, முடிவு முன்னரே தெரிந்த கதையாதலால் பாத்திரங்களின் அகப்போராட்டம் மெலிந்து நிற்பது. இப்சனின் முதிர்ந்த நாடகங்களிலும் முக்கிய நிகழ்ச்சி திரை விலகுமுன்னரே நடந்துவிடுகிறது. ஆனால் அதனை அவர் பார்ப்போருக்கு மறைத்து வைத்துச் சிறிது சிறிதாகத் திறக்கிறார். கொன்சால்வெசுக்கு அவ்வழி இல்லை. யாவரும் அறிந்ததை யாவரும் மீண்டும் அழுமாறு செய்தலே அவர் ஏற்ற பணி. அதிலே அவர் தோல்வியுறவில்லை.

ஒரு கரை, இரு மொழி

புத்தளக் கரையின் கத்தோலிக்க ஊர்கள் பல 20ஆம் நூற்றாண்டில் தமிழிலிருந்து சிங்களத்துக்கு மாறின. பாடசாலைகளின் போதனாமொழி மாறியமை இதற்கு ஒரு முக்கிய காரணம். மொழி மாற்றம் வீட்டினுள் மெல்ல நிகழும், ஆயின் வாசிப்பு மரபு அவ்வாறு மெல்ல மறைவதில்லை. ஓதும் முறையைப் பேரனுக்குக் கற்பிக்கப் பாட்டனார் இருந்தும், எழுத்தைப் படிக்கப் பேரனுக்குத் தெரியாதபோது அது ஒரே தலைமுறையில் அறுந்துவிடும். அதனால் வியாகுலப் பிரசங்கம் பிறந்த கரையின் பெரும்பகுதியில் துக்பிராப்தியே எஞ்சியது. தமிழ் நூல் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் வாழ்கிறது. இக்கரை முழுவதும் தமிழை இழந்துவிடவில்லை என்பதையும் கூறல் வேண்டும். கற்பிட்டிக் குடாவிலும் புத்தளம் நகரிலும் தமிழ் பேசும் மக்கள் உள்ளனர். உடப்பூரில் திரௌபதி அம்மன் ஆலயத்தின் ஆடித் திருவிழாவில் பாரதக் கதை நிகழ்ச்சிகள் சடங்கோடு நிகழ்த்தப்பட்டுத் தீமிதிப்போடு நிறைவெய்துகின்றன. வேதம் வேறாயினும், ஊர் முழுவதும் ஒரு கதையை உடலால் தாங்கும் அரங்க நெறி ஒன்றே.

இம்மாற்றத்தை இழப்பு என்ற சொல்லால் மட்டும் அளப்பது முழுமையான ஆய்வாகாது. தமிழ்க் கூத்து கத்தோலிக்கரின் வழியாகவே சிங்கள நாடகமாய் உருக்கொண்டது என்பது ஆய்வாளர் பலரின் துணிபு. அந்நாடகத்தின் முன்னோடியாகச் சிலாபத்தைச் சேர்ந்த கேபிரியேல் பெர்னாண்டோவைக் கொள்வாரும் உளர். அந்நாடக மரபை ஆராய்ந்த எதிரிவீர சரச்சந்திர 1956இல் 'மனமே' நாடகத்தைப் படைத்தார். அதன் வெற்றி நமது பல்கலைக்கழகத்துத் தமிழ் அறிஞரையும் கூத்தின் பக்கம் திருப்பிற்று. எனவே 1960களின் தமிழ்க் கூத்து மீட்சி, ஒரு வகையில், இக்கரை வழியே சென்று திரும்பிய நம் சொந்த முதலாகும். யாழ்ப்பாணத்தில் மரியசேவியர் அடிகள் 1965இல் நிறுவிய திருமறைக் கலாமன்றம் பாடுகளின் நாடகத்தை நவீன மேடைக்குரியதாக்கியமையும் இந்நீண்ட மரபின் தொடர்ச்சியே.

கொன்சால்வெசின் தனிச்சிறப்பு இங்கேதான் துலங்குகிறது. அவருக்குத் தாய்மொழி தமிழுமன்று, சிங்களமுமன்று. ஒரு கரையில் வாழ்ந்த இரு மொழியினருக்கும் ஒரே துயரை அவரவர் மொழியில் கொடுத்தார். ஒன்றை மூலமென்றும் மற்றதை நிழலென்றும் கூறுவது இவ்விரு நூல்களுக்கும் நீதி செய்வதாகாது. தலவில அன்னம்மாள் ஆலயத் திருவிழாவில் இரு மொழியினரும் இன்றும் ஒரே முற்றத்திற் கூடுகின்றனர். அம்முற்றத்தின் இலக்கிய வடிவமே இவ்விரு நூல்களும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று கருத்துக்கள் பெறப்படும். ஒன்று, எழுத்தையும் அரங்கையும் பிரித்து நோக்கும் அளவுகோலைக் கைவிட்டால், சாங்கோபாங்க சுவாமிகள் ஈழத்துத் தமிழ் நாடக வரலாற்றில் இடம் பெறத்தக்கவர். இரண்டு, வியாகுலப் பிரசங்கம் ஓதப்படும் நூலாகவே மதிப்பிடப்படல் வேண்டும். மூன்று, புத்தளக் கரையின் சிங்களப் பாஸ்கு நாடகமும் தமிழ்ப் பிரசங்க மரபும் ஒரே வரலாற்றின் இரு கிளைகளாக ஆராயப்படல் வேண்டும். அதற்கு இரு மொழியும் அறிந்த மாணவர் தேவை.

நூல்கள் அச்சில் உள்ளன. அவற்றுக்கு உடனடி ஆபத்து இல்லை. ஆபத்து குரலுக்கே. எந்த இடத்தில் மூச்சு நிறுத்துவது, தாயின் புலம்பல் தொடங்குமிடத்தில் குரலை எவ்வளவு தாழ்த்துவது, எந்தச் சொல்லை இருமுறை ஓதுவது என்பன எவ்வேட்டிலும் எழுதப்பட்டில. அவை முதியோர் சிலரின் நினைவில் உள்ளன. எதிர்வரும் தவக்காலத்தில் ஒலிப்பதிவுக் கருவியோடு மன்னாருக்கும் கற்பிட்டிக்கும் செல்லும் மாணவர் குழுவொன்று, நாடக வரலாற்றுக்கு ஒரு நூலகத்தால் ஆகாத தொண்டினைச் செய்ததாகும்.